ஆகாரமும் அவகாசமும்

பெரம்பூரின் பெயர் இந்தியத் தொழிலாளர் சரித்திரத்தில் அழியாத இடம் பெற்றதற்கு மூலகாரணங்களுள் ஒன்று சாப்பாட்டு வேளை. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளுக்கு அண்மையில் சிறு வாணிபம் நடத்திவந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் 1918ஆம் ஆண்டில் அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவான பி.பி. வாடியாவை நாடிச் சென்று, அவரைத் தொழிலாளரின் நடுவே அழைத்துவந்து நிறுத்தியபோது, அத்தொழிலாளர் முதன்முதலாக முறையிட்ட குறைகளுள், நண்பகலில் விடப்படும் இடைவேளை சோற்றை அள்ளி விழுங்கிவிட்டுத் திரும்பி ஓடுவதற்கும் போதவில்லை என்பது முக்கியமானது. அவ்வாண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைமை ஏற்க, திரு.வி.க. தம் தமிழையும் உழைப்பையும் அதற்கு அர்ப்பணித்தார். கூலியைப் போலவே உண்பதற்கான அவகாசமும் உழைப்பவனுக்கு உரியது என்பதை இந்த ஊர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வாய்திறந்து கேட்டது.

அந்த ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அவை நின்ற நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் எழும்பியிருக்கின்றன. ஆனால் ஆலைச் சங்கு ஓய்ந்த பிறகு பெரம்பூரில் உண்ணும் நேரம் விரிந்துவிடவில்லை. ஆலைத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இன்று பன்னிரண்டு மணி நேரம் காவற்பணி செய்கிறார்கள். கைபேசி இட்ட கட்டளைக்கு இருசக்கர வாகனத்தில் பண்டம் சுமந்து செல்கிறார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளை ஓட்டுகிறார்கள். இவற்றுள் பெரும்பாலான வேலைகளுக்கு இடைவேளை என்று வரையறுத்த ஒன்றே கிடையாது. ஆகவே அதை நீட்டித் தரும்படி கேட்பதற்கு ஒரு வாயிலும் இல்லை. இவ்விதம் வேளைகளெல்லாம் குலைந்து வெறும் இடுக்குகளாகிப் போன வாழ்க்கையில், அந்த இடுக்குகளில் நுழைவதற்கென்றே தயாரிக்கப்பட்டது போன்ற ஓர் உணவு வந்து குடிகொண்டிருக்கிறது. அது நம் ஜீரண உறுப்புகளுக்கு என்ன செய்கிறது என்பதையும், அதை உண்பவர்மேல் மட்டும் பழியைப் போட்டு ஓய்வது ஏன் நியாயமன்று என்பதையும் விசாரிப்பதே என் நோக்கம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். உணவைப் பதப்படுத்துவது குற்றமன்று; மனிதன் அடுப்பு மூட்டிய நாள் முதல் அதைத்தான் செய்துவருகிறான். அரைத்து வைத்த இட்லி மாவு இரவெல்லாம் புளிப்பதும், காசிமேட்டு மணலில் மீன் காய்ந்து கருவாடாவதும், பால் உறைந்து தயிராவதும், மாங்காய் உப்பில் ஊறுவதும் பதப்படுத்துதலே. பிரேசில் தேசத்தின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டேரோ என்னும் பேராசிரியர், 2009ஆம் ஆண்டு முதல் தம் சகாக்களுடன் வகுத்துவந்த நோவா என்னும் பாகுபாடு, உணவுகளை நான்கு பிரிவுகளாகப் பிரிக்கிறது: இயற்கையாகவோ சிறிதளவு மட்டும் மாற்றப்பட்டோ வரும் உணவு, எண்ணெய், உப்பு, சர்க்கரை போன்ற சமையற் பொருள்கள், அவ்விரண்டும் சேர்ந்து உருவாகும் எளிய பதப்படுத்திய உணவு, நான்காவதாக, அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு. இந்த நான்காம் பிரிவில் தானியமோ கிழங்கோ பாலோ தன் உருவில் வருவதில்லை. ஆலையில் பிளந்து, பிரித்து, மாவுச்சத்தாகவும் கொழுப்பாகவும் புரதத் தூளாகவும் ஆக்கப்பட்டு, பின்னர் எந்த வீட்டு அடுக்களையிலும் காணக் கிடைக்காத நிறமூட்டிகள், மணமூட்டிகள், பால்மமாக்கிகள் முதலியவற்றோடு மறுபடியும் ஒட்டவைக்கப்பட்டு வருகிறது.

பெரம்பூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், பேப்பர் மில்ஸ் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் இந்த நான்காம் பிரிவு பெட்டிக்கடைகளின் நெற்றியில் சரஞ்சரமாகத் தொங்குவதைக் காணலாம். ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் கிடைக்கும் உப்பிய பொட்டலங்கள், கிரீம் பிஸ்கட்டுகள், இரண்டே நிமிஷத்தில் வெந்துவிடும் நூடுல்ஸ், வண்ண வண்ண பானங்கள். குளிர்ப்பெட்டியில், ஐஸ்கிரீம் என்று குழந்தைகள் கேட்டு வாங்கும் சிறு கோப்பைகள். அக்கோப்பைகளுள் ஒன்றைத் திருப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தால்தான் தெரிகிறது, அதன் சட்டபூர்வமான பெயர் ஐஸ்கிரீம் அன்று, ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்பது. பாற்கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு, சர்க்கரை, திரவ குளுகோஸ், பால் பொடி, அதன்பின் வெறும் எண்களாக 412, 407, 466, 471. இவற்றுள் 466 என்பது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ். மரக்கூழிலிருந்தோ பஞ்சிலிருந்தோ எடுத்த செல்லுலோஸை ரசாயன முறையில் மாற்றி, பண்டம் கெட்டியாகவும் வழுவழுப்பாகவும் இருக்கச் சேர்ப்பது. சட்டம் இதை அனுமதித்திருக்கிறது; கடைக்காரர் குற்றம் ஏதும் செய்துவிடவில்லை. எனினும், இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் சாயங்கால ஆகாரம் அவன் தாயால் படித்தறிய முடியாத எண்களாக எழுதப்பட்டிருக்கிறது என்னும் உண்மை என்னை மிகவும் உறுத்துகிறது.

ஜீரணம் என்பது வயிற்றில் தொடங்கி வயிற்றிலேயே முடிந்துவிடும் காரியமன்று. பல்லும் உமிழ்நீரும் தொடங்கிவைத்ததை இரைப்பை கடைகிறது. சிறுகுடல் அதைக் கரைத்து உறிஞ்சுகிறது. சிறுகுடலுக்கு வசப்படாத நார்களும் எதிர்ப்புத்தன்மை கொண்ட மாவுச்சத்தும் பெருங்குடலை அடைந்து, அங்கே கோடானுகோடியாக வாழும் நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. அந்நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து உண்டாக்கும் சிறு கொழுப்பமிலங்களுள் ப்யூட்டிரேட் என்பதுதான் பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்குப் பிரதான எரிபொருள். அந்தச் சுவரின்மேல் குழகுழப்பான சளிப்படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அதன் வெளியடுக்கில் நுண்ணுயிர்கள் வசிக்கலாம், உள்ளடுக்கில் அவற்றுக்கு இடமில்லை. இந்த எல்லை காக்கப்படும் வரையில், அத்தனை உயிர்களையும் உள்ளே சுமந்துகொண்டும் நாம் அழற்சியின்றி வாழ்கிறோம். மெல்லுவதற்கும், கரைவதற்கும், புளிப்பதற்கும், சுவர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதற்கும் குடல் கேட்கும் முதற்பொருள் அவகாசம். இரண்டாவது, அந்த அவகாசத்தில் வேலைசெய்யத் தக்க முழுமையான பண்டம். அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு இவ்விரண்டையும் ஒருங்கே மறுக்கிறது.

நாரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்வேன். உலகச் சுகாதார நிறுவனம் வயதுவந்தோர் நாளொன்றுக்கு, உணவில் இயற்கையாக அமைந்த நார் 25 கிராமாவது பெற வேண்டும் என்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி நூறு கிராம் கேழ்வரகில் 11 கிராம் அளவுக்கு நார் உண்டு. பிஸ்கட்டுக்கும் நூடுல்ஸுக்கும் அடிப்படையான மைதாவிலோ 3 கிராமுக்கும் குறைவு. ஆடி மாதத்தில் பெரம்பூர், வியாசர்பாடித் தெருக்களில் அம்மன் பெயரால் ஊற்றும் கூழ், ஒரு காலத்தில் ஆண்டு முழுதும் உழைப்பாளிகளின் காலை ஆகாரமாயிருந்தது. அதன் இடத்தை இன்று டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டால், மலச்சிக்கலும் மூலமும் அதன்பின் வருவதில் வியப்பென்ன? நார் இல்லாவிட்டால் மலத்தில் கனமும் ஈரமும் குறைகின்றன என்பது பழைய அறிவு. அதைவிடக் கவலை தருவது புதிய அறிவு: 2016இல் எலிகளைக் கொண்டு செய்த ஓர் ஆராய்ச்சி, நாரே இல்லாத தீனி கொடுக்கப்பட்ட எலிகளின் குடலில், இரையற்றுப்போன நுண்ணுயிர்கள் சளிப்படலத்தையே உணவாக்கிக்கொண்டு அதை மெலியச் செய்துவிட்டன என்று காட்டிற்று. குடலின் காவலைக் குடலின் குடிகளே அரித்துத் தின்னும் நிலை அது.

இனி அந்த 466க்கு வருவோம். 2015ஆம் ஆண்டு ‘நேச்சர்’ சஞ்சிகையில் பெனுவா சசேங், ஆண்ட்ரூ கெவிர்ட்ஸ் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்தச் செல்லுலோஸ் சேர்மமோ பாலிசார்பேட் 80 என்னும் மற்றொரு பொருளோ கலந்த நீரைப் பருகிய எலிகளின் குடலில், நுண்ணுயிர்கள் சளிப்படலத்தின் உட்புறத்தை நெருங்கிச் சென்றன. மெல்லிய அழற்சி தோன்றிற்று. நோய்க்கு இயல்பாகவே இடங்கொடுக்கும் எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி முற்றிற்று. எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேருமா என்னும் ஆட்சேபம் நியாயமானதே. அதற்கு விடைகாண 2022இல் பதினாறு ஆரோக்கியமான மனிதர்களை மருத்துவ மேற்பார்வையில் தங்கவைத்து, ஒரு சாராருக்கு மட்டும் நாளொன்றுக்கு 15 கிராம் செல்லுலோஸ் சேர்மத்தைப் பதினொரு நாள் உணவில் கலந்து கொடுத்தார்கள். கொடுக்கப்பட்டவர்களின் குடலில் நுண்ணுயிர்களின் வகைவளம் குறைந்தது; நன்மை தரும் சிறு கொழுப்பமிலங்கள் அருகின; அவர்களுள் இருவருக்கு நுண்ணுயிர்கள் சளியின் உள்ளடுக்கில் புகுந்திருந்தன. பதினாறு பேர் என்பது சிறு தொகை; பதினைந்து கிராம் என்பது பெரும் அளவு. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட்டே, பதினொரு நாளில் இவ்வளவு மாறுமாயின் பதினொரு வருஷத்தில் என்னவாகும் என்று கேட்கிறேன். அதுவும், பால்பல் முளைத்த பருவத்திலேயே இப்பொருள்களை உண்ணத் தொடங்கும் தலைமுறை இதுதான்.

அவகாசத்துக்கு நேரடியாகச் சாட்சி சொல்லும் ஆராய்ச்சி 2019இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் நடத்தியது. இருபது பேரை மருத்துவமனையில் குடியிருத்தி, இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவையும், இரண்டு வாரம் எளிய உணவையும், வேண்டுமட்டும் உண்ணக் கொடுத்தார். பரிமாறப்பட்ட உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமம். பதப்படுத்திய உணவில் நார் போதாமையால் அதைப் பானங்களில் கரைத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சமன் செய்தும், பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக ஐந்நூறு கலோரி அதிகம் உண்டார்கள். இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடையும் ஏறிற்று. அவர்கள் அதை வேகமாகவும் உண்டார்கள் என்பது அந்த ஆராய்ச்சி கண்ட மற்றோர் உண்மை. மெல்ல வேண்டிய வேலையை ஆலை முன்பே செய்துமுடித்துவிட்டது. ‘போதும்’ என்று வயிறு சொல்லுமுன் பொட்டலம் காலியாகிவிடுகிறது. ஏற்கெனவே நேரமில்லாதவனுக்கு இது சௌகரியமாகப் படுவதில் ஆச்சரியமில்லை. அவன் இரைப்பைக்கோ அது நிர்ப்பந்தம்.

இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,16,000க்கு மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2021இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வு, நாளுக்கு ஐந்து பங்கும் அதற்கு மேலும் இவ்வுணவை உண்டவர்களுக்கு, ஒரு பங்குக்கும் குறைவாக உண்டவர்களைவிடக் குடல் அழற்சி நோய் வரும் அபாயம் 82 சதவீதம் கூடுதல் என்று கணித்தது. அதே ஆய்வில் இறைச்சிக்கோ பாலுக்கோ பழத்துக்கோ மாவுப்பொருளுக்கோ அப்படியொரு சம்பந்தம் தென்படவில்லை. ஆகவே சந்தேகம் பண்டத்தின்மேல் அன்று, பண்டம் பட்ட பாட்டின்மேல் விழுகிறது. இத்தகைய ஆய்வுகள் சம்பந்தத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தை முடிந்த முடிபாக ஸ்தாபிக்க மாட்டா. இப்பொட்டலங்களை அதிகம் உண்போர் வேறு பல வகைகளிலும் இன்னல்படுவோராக இருக்கக்கூடும். ஆயினும் எலியும், மருத்துவமனைச் சோதனையும், லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கைக் கணக்கும் ஒரே திசையைச் சுட்டும்போது, இன்னும் முழு நிரூபணம் வரட்டும் என்று கைகட்டி இருப்பது விவேகமாகாது. 2025 நவம்பரில் ‘லான்செட்’ சஞ்சிகை இவ்வுணவைப் பற்றி வெளியிட்ட மூன்று கட்டுரைகளின் தொகுதியும், அரசாங்கங்கள் இனித் தாமதிக்கலாகாது என்னும் அபிப்பிராயத்தையே வலியுறுத்துகிறது.

பெட்டிக்கடைக்கு நாலு கடை தள்ளி மருந்துக்கடை இருக்கும். மாலை வேளையில் அங்கே சிறிது நேரம் நின்றால், “அண்ணே, கேஸ் மாத்திரை ரெண்டு குடுங்க” என்னும் குரலை எத்தனையோ முறை கேட்கலாம். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வயிற்று உப்புசம், மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்று எல்லாவற்றையும் ‘கேஸ் டிரபிள்’ என்னும் ஒரே பெயருக்குள் அடக்கிவிடுகிறார்கள். மருத்துவரிடம் காட்ட அரை நாள் கூலி போகும், மாத்திரைக்குச் சில ரூபாய் போதும். இதில் இரட்டைத் தீங்கு உண்டு. அமிலத்தை அடக்கும் மாத்திரைகள் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்கப்படுவது ஒன்று. மற்றொன்று, பொட்டலத்தின் தலையில் கட்டிவிட முடியாத வேறு வயிற்று நோய்கள் கவனிக்கப்படாமல் போவது: இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி நம் நாட்டில் மிகச் சாதாரணம், குடல் காசநோயோ, கிரோன் என்னும் குடல் அழற்சி நோயைப் போலவே தோற்றம் காட்டி, தேர்ந்த வைத்தியர்களையும் திகைக்கவைப்பது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை இறங்குதல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு இவை கண்டால், ‘நூடுல்ஸை நிறுத்தினேன், சரியாகிவிடும்’ என்று காத்திருக்கலாகாது.

அப்படிப்பட்டவர்களை வடசென்னை அனுப்பிவைக்கும் இடம் ஸ்டான்லி மருத்துவமனை. முதியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் யுத்தத்தை ஒட்டிப் பஞ்சம் வந்து, பசித்த ஜனங்கள் கோட்டைப் பட்டணத்தை நோக்கித் திரண்டபோது, அவர்களுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்ட மணியக்காரர் சத்திரமே காலப்போக்கில் மருத்துவ நிலையமாக வளர்ந்தது. அந்த மருத்துவமனையின் இரைப்பை, குடல் அறுவைச் சிகிச்சைத் துறையினர், அண்மை ஆண்டுகளில் மாநில அரசின் நிதியுதவியோடு, நாட்பட்ட குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு பயன்படுமா என்று முறையான ஆராய்ச்சியில் இறங்கினார்கள். பழமைப் பெருமை பேசுவதற்காக இதை நான் சொல்லவில்லை. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி, சிறுகுடலால் கரைக்க இயலாத உருவத்தை அடைகிறது. இரவெல்லாம் நீரில் கிடக்கையில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. பெருங்குடல் வேண்டுவது கிட்டத்தட்ட இதுதான். இரண்டு சின்ன வெங்காயமும் ஒரு மோர் மிளகாயும் சேர்த்து அதை உண்டவர்கள், விஞ்ஞானம் பெயர் சூட்டுவதற்கு முன்பே அதன் பயனை அனுபவித்தவர்கள். அதே தத்துவம் வேறொரு வடிவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நிரூபணமாயிற்று: பி.எஸ். ராமகிருஷ்ணா முதலிய மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, காலரா நோயாளிகளுக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு இவ்வகை மாவுச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது பேதியின் அளவும் காலமும் குறைந்தன.

எனினும், பழைய சோறு சகல ரோக நிவாரணி என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். குடல் அழற்சிக்கு மருந்து உண்பவர்கள் அம்மருந்தை நிறுத்திவிட்டுச் சோற்றை நம்புவது ஆபத்து. சுத்தமற்ற நீரில் ஊறிய சோறும், கோடையில் அதிக நேரம் கிடந்து கெட்ட சோறும் நன்மை செய்யா. வடசென்னையின் பல தெருக்களில் நல்ல குடிநீர் இன்றும் லாரியின் வரவைப் பொறுத்தே இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் உள்ள நாரும் மைதாவில் உள்ளதைவிட அதிகமன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் சாப்பாட்டைக் காத்துவந்தவை சோற்றின் பக்கத்தில் வந்த கீரையும், பருப்பும், அவரையும், நெத்திலிக் குழம்பில் விழுந்த முருங்கைக்காயும். அவற்றை ஆய்ந்து, நறுக்கி, வேகவைக்க ஒருவர் வீட்டில் இருந்தார். அந்த உழைப்புக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை.

அந்த ஒருவர் பெரும்பாலும் பெண். இன்று அவள் காலை ஐந்தரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, அண்ணா நகரிலோ புரசைவாக்கத்திலோ மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டுத் திரும்புகிறாள். அல்லது துணிக்கடையில் பத்து மணி நேரம் உட்காரவும் இடமின்றி நிற்கிறாள். பிள்ளை பசி என்று கேட்கும்போது அவள் பத்து ரூபாயை எடுத்துக் கொடுப்பதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்லும் பிரசங்கங்களை நான் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். அவற்றுள் ஒன்றும் அவளுக்கு ஒரு மணி நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்ததில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாயிலை நோக்கிப் பல மணி நேரம் ஊர்ந்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பாருங்கள். வண்டியை விட்டு இறங்கினால் வரிசை போய்விடும் என்று அஞ்சும் ஓட்டுநருக்கு, ஜன்னலருகே வந்து விற்கப்படும் பொட்டலமும் குளிர்பானமுமே சாப்பாடு. மலத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அந்த வேலையின் ஓர் அங்கமாகிவிட்டது. குடல் நோய்க்கு அதுவும் ஒரு வாயில். பொட்டலத்தின் விலையை ஐந்து ரூபாயிலேயே நிறுத்திவைத்து உள்ளிருக்கும் எடையைச் சிறுகச் சிறுகக் குறைக்கும் வியாபாரிகள், இவர்களுடைய பாக்கெட்டையும் பரபரப்பையும் மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். நம் சுகாதாரப் பிரசாரகர்கள் அவ்வளவு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

இந்த வியாபாரம் எவ்வளவு விரைவாகப் பெருகியிருக்கிறது என்பதை மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே கூறுகிறது: 2006இல் 90 கோடி டாலராக இருந்த இந்தியாவின் அதீதப் பதப்படுத்திய உணவு நுகர்வு, 2019இல் 3,790 கோடி டாலரை எட்டிவிட்டது. நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் தகாத உணவுமுறையால் வருவது என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியில் மதிப்பிட்டது. இவ்விரண்டையும் அறிந்திருந்தும், 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட், பொட்டல நொறுக்குத்தீனி ஆகியவற்றின் சரக்கு, சேவை வரியை 5 சதவீதமாக இறக்கினார்கள். ஏழையின் செலவைக் குறைக்கிறோம் என்னும் நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பிஸ்கட் மலிவானால் கீரைக்கட்டு அந்த அளவுக்கு எட்டாத பொருளாகத் தோன்றுவது இயல்பு. வரி குறைவதால் வரும் சேமிப்பை ஸ்டான்லியின் வெளிநோயாளிப் பிரிவில் செலவிட நேரும் குடும்பங்களின் கணக்கையும் நிதி மந்திரிகள் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சர்க்கார் நினைத்தால் நல்ல சாப்பாட்டைத் தெருவுக்குத் தெரு கொண்டுவர முடியும் என்பதற்குச் சென்னையைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. 1920ஆம் ஆண்டிலேயே பிட்டி தியாகராயரின் தலைமையில் இருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்தது. காமராசர் அதை மாநிலம் எங்கும் பரப்பினார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரிவாக்கினார். 2022 முதல் அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காலை உணவும் சூடாகக் கிடைக்கிறது. காலையில் வயிறு நிறைந்த பிள்ளை பத்தரை மணிக்குப் பொட்டலத்தை நோக்கி ஓடுவது குறையும் என்பது எளிய காரியகாரணம். 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். அதாவது ஒரு சிப்ஸ் பொட்டலத்தின் விலைக்கு ஒரு வேளைச் சோறு. விலையில் பொட்டலத்தை வெல்லக்கூடிய ஒரே ஸ்தாபனம் இது. நேரத்தில்தான் தோற்கிறது. காலை ஏழு மணிக்குத் திறக்கும் உணவகம், நாலு மணிக்கே காசிமேட்டில் ஏலத்துக்கு நிற்பவருக்கும், ஆறு மணிக்கு முறை மாறும் காவலாளிக்கும் பயன்படாது. துறைமுகச் சாலையிலும், பெரம்பூர், வியாசர்பாடிச் சந்திப்புகளிலும் சிலவற்றையாவது விடியற்காலம் முதல் நள்ளிரவு வரை திறந்துவைத்து, வாரத்தில் சில நாளேனும் கேழ்வரகுக் கூழும் சுண்டலும் கிடைக்கச் செய்வது மாநகராட்சிக்குப் பெரும் செலவன்று. லாரி வரிசைக்கு நடுவே ஓட்டுநர் இறங்கி உண்ணவும் ஒதுங்கவும் இடமும் முறைச்சீட்டும் ஏற்படுத்துவது துறைமுக நிர்வாகத்தின் கடமை.

பொட்டலத்தில் விவரச் சீட்டு ஒட்டும் விஷயத்தில் நாம் வெகுகாலமாகத் தேங்கி நிற்கிறோம். பொட்டலத்தின் முன்புறத்தில் எச்சரிக்கை வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் ஒரு வரைவை வெளியிட்டு நிறுத்திவைத்தது. 2022இல் அதற்குப் பதிலாக நட்சத்திர மதிப்பெண் முறையை முன்வைத்தது. கெடுதலான பண்டத்துக்கும் அரை நட்சத்திரமோ ஒரு நட்சத்திரமோ கொடுத்தால், அதை வாங்குபவர் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொள்வார் என்னும் ஆட்சேபம் எனக்கு முற்றிலும் சரியாகப் படுகிறது. சிலி தேசம் 2016 முதல் கறுப்பு எண்கோண முத்திரையிட்டு, ‘சர்க்கரை மிகுதி’, ‘உப்பு மிகுதி’ என்று ஒரே பார்வையில் சொல்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இவ்விஷயத்தில் தலையிட்டு மூன்று மாத அவகாசம் கொடுத்தும் காரியம் இழுத்துக்கொண்டே போயிற்று. தமிழ்நாட்டில் விற்கும் பொட்டலத்தில் அந்த முத்திரை தமிழிலும் இருக்க வேண்டும். 466 என்னும் எண்ணுக்குப் பக்கத்தில் அது இன்னதென்று பெயரும் வேண்டும்.

முத்திரை வரும் வரையில் செய்யக்கூடியது ஒன்று ஏற்கெனவே சட்டமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் உணவு குறித்து 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இயற்றிய விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்பதைத் தடுக்கின்றன. பெரம்பூரில் நான் அறிந்த பள்ளிகளுள் ஒன்றின் வாயிலிலும் அந்த ஐம்பது மீட்டர் காலியாக இல்லை. அங்கே கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்கள், ஒற்றைப் பெண்கள். அவர்களை விரட்டுவது இதன் பொருளாகாது. வேர்க்கடலை, சுண்டல், கொய்யா, வேகவைத்த கிழங்கு, கடலை மிட்டாய் விற்க அவர்களுக்குச் சிறு முதலும், மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழியாகச் சரக்கும் கிடைக்கச் செய்து, அதன்பின் விதியை நிறைவேற்ற வேண்டும். மாநகராட்சியின் சுகாதார அலுவலர்களும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் பள்ளித் தலைமையாசிரியர்களும் கூடிப் பேசினால், வரும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் பெரம்பூர்ப் பள்ளிகளிலிருந்தே இதைத் தொடங்கிவிடலாம்.